ஒன்பது பாக ஆழத்தில் மர்ஸூக்

எங்கள் நாட்டைக் காரில் சுற்றிவர ஒரு முழு நாள் ஆகும் என்று விமான நிலையத்தில் கொடுக்கும் மடிப்புத்தாளில் போட்டிருக்கிறது. அது பொய். காலையில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம். ஆனால் எங்கள் நாட்டைப் பற்றி எங்கள் அரசு வெளியிடும் புத்தகத்தை ஒரு வாரத்தில் படித்து முடித்தவர் எவரும் இல்லை. எண்ணூற்று நாற்பது பக்கம். பச்சைத் தோல் அட்டை, தங்க எழுத்து. நிலம், மக்கள், அரசு, பொருளாதாரம் என்று நான்கு பகுதி. ஆண்டுதோறும் தேசிய தினத்துக்கு முந்தின வியாழக்கிழமை வெளியாகும். தேச விவர அமைச்சகத்துக்கு வேறு வேலை கிடையாது. அந்த ஒரு வேலைக்கு அறுநூறு பேர். அவர்களில் நானும் ஒருவன்; பதினோரு ஆண்டுகளாக நிலப் பகுதியில் எழுத்தர்.

புத்தகத்துக்கு ஒரே விதிதான். அதில் ஏறிய எண் இறங்கக் கூடாது. கோடை வெப்பத்துக்கு மட்டும் விலக்கு. அது ஏறக் கூடாது.

நாட்டின் மிக உயரமான இடம் என்று நடுவிலிருக்கும் சுண்ணாம்புக் குன்றைப் போட்டிருக்கிறோம். நூற்றுப் பன்னிரண்டு மீட்டர். ஆறு ஆண்டுகளுக்கு முன் தலைநகரின் குப்பைமேடு அதைத் தாண்டிவிட்டது. அளவெடுத்த வெளிநாட்டுப் பொறியாளர் விவரம் தெரியாமல் அதை அப்படியே எழுதிக் கொடுத்துவிட்டார். எங்கள் இயக்குநர் டாக்டர் முன்திர் இரண்டு மாதம் யோசித்துக் குப்பைமேட்டைப் பொருளாதாரப் பகுதிக்கு மாற்றினார். நிலப் பகுதியில் குன்று மீண்டும் உயர்ந்தது. பொறியாளரை அவர் ஊருக்கு அனுப்பிவைத்தோம்.

இப்படிப்பட்ட புத்தகத்தோடுதான் மர்ஸூக் மோதினார்.

மர்ஸூக் என் வீட்டிலிருந்து இரண்டு வீடு தள்ளி, உம்மு நக்லாவில் இருந்தார். தெற்குக் கரையில் மீனவர்களுக்காக அரசு கட்டிக் கொடுத்த குடியிருப்பு அது. நான் மீனவன் அல்ல. என் மாமனார் மீனவர். மர்ஸூக்குக்கு ஐம்பத்தெட்டு வயது. மூத்த மகன் பெயரைச் சேர்த்து எல்லாரும் அவரை அபூ நாசிர் என்று கூப்பிடுவார்கள். படகில் ஆழத்துக்குப் போய் வலை வீசுகிறவர் அல்ல. அவருக்கு இருந்தது ஒரு மீன்பட்டி. ஆட்டுக்குப் பட்டி கட்டுவதுபோல, கரையோரத்து ஆழமில்லாத கடலில் கம்புகளை அம்புமுனை வடிவில் நட்டு, கம்பிவலை கட்டியிருப்பார். கடல் ஏறும் ஏற்றத்தோடு உள்ளே வரும் மீன், நீர் வடியும் வத்தத்தில் வெளியேற வழி தெரியாமல் சிக்கிக்கொள்ளும். காலையும் மாலையும் போய் அள்ளிக்கொண்டு வரவேண்டியதுதான். உரிமம் அவர் பெயரில். உரிமம் இருக்கும்வரைதான் வீடு. ஆறு மாதம் பட்டியில் மீன் விழவில்லை என்றால் உரிமம் ரத்து. உரிமம் ரத்தானால் வீட்டைக் காலி செய்ய வேண்டும்.

பிறகு கடலைத் தூர்க்கும் கப்பல்கள் வந்தன. நாட்டின் பரப்பளவும் ஏறவேண்டிய எண்தானே. முக்கால்வாசி பாலைவனமான எங்கள் நாட்டுக்கு வெளிநாட்டிலிருந்து மணல் வந்து இறங்கியது. எங்கள் மணல் உருண்டையாக இருக்கிறதாம், பிடிமானம் இல்லையாம். ஒன்றரை ஆண்டில் கடல் நாலு கிலோமீட்டர் தெற்கே போயிற்று. மர்ஸூக்கின் பட்டி நட்ட இடத்தில் நட்டபடி, காய்ந்த மணலில் நின்றது.

அவர் மனு எழுதிக்கொண்டு எங்கள் அமைச்சகத்துக்கு வந்தார். அவருடைய உரிமத்தில் இடம் குறித்திருப்பது எங்கள் வரைபடத்தின்படி என்பதால் எங்களிடம்தான் வரவேண்டும். நான்தான் இயக்குநர் அறைக்கு அழைத்துப் போனேன்.

டாக்டர் முன்திர் மரியாதை தெரிந்த மனிதர். வருகிறவர்களுக்கு முதலில் கஹ்வா என்ற கசப்புக் காப்பி, பேரீச்சம்பழம்; பிறகுதான் மறுப்பு.

"உக்காருங்க அபூ நாசிர். சொல்லுங்க, என்ன விஷயம்?"

"கடல் போயிருச்சு டாக்டர்."

"எங்க போச்சு?"

"தெற்கால. நாலு கிலோமீட்டர்."

டாக்டர் எழுந்து சுவரிலிருந்த வரைபடத்தின் முன் போய் நின்றார். "இங்க வாங்க. இது உங்க பட்டி. சுத்தி என்ன நிறம்?"

"நீலம்."

"நீலம்னா?"

"கடல். ஆனா டாக்டர், இது முந்தி இருந்த கடல்."

"கடல்ல முந்தி, பிந்தி எல்லாம் கிடையாது அபூ நாசிர். நம்ம புத்தகத்துல ஒரே கடல்தான்."

"அப்ப பரப்பளவு கூடிருச்சுன்னு போட்டிருக்கீங்களே, அது எங்க கூடுச்சு?"

நல்ல கேள்வி. டாக்டரும் அதை ஒப்புக்கொண்டார். "அது மொத்தப் பரப்பளவு. பதினாலாம் பக்கம். வரைபடம் பத்தொன்பதாம் பக்கம். ரெண்டும் வேற வேற பிரிவு தயாரிக்கிறது. ஒருத்தர் வேலையில இன்னொருத்தர் தலையிடறதில்ல. அதுதான் நம்ம நிர்வாகத்தோட அழகு."

மர்ஸூக் கடைசியாகத் தன் கோரிக்கைக்கு வந்தார். கடல் இப்போது எங்கே இருக்கிறதோ அந்தக் கரையில் பட்டி போட அனுமதி வேண்டும். அவ்வளவுதான். டாக்டர் அந்த இடத்தை வரைபடத்தில் தேடி விரலை வைத்தார்.

"இங்கயா? இங்க ஆழம் ஒன்பது பாகம்னு போட்டிருக்கு. ரெண்டு கைய விரிச்சா ஒரு பாகம். ஒன்பது ஆள் ஒருத்தன் தோள்மேல ஒருத்தன் நின்னாலும் தலை வெளிய தெரியாது. நீங்க மீனவர், நீங்களே சொல்லுங்க. ஒன்பது பாகத்துல கம்பு நட முடியுமா?"

"முடியாது."

"அப்புறம் எதுக்குக் கேக்கறீங்க?"

மர்ஸூக் என்னைப் பார்த்தார். நான் பேரீச்சம்பழத் தட்டைப் பார்த்தேன்.

அடுத்த மாதம் ஆய்வாளர் சுஹைல் பட்டியைப் பார்க்க வந்தார். நேர்மையானவர், படிவத்தில் எந்தக் கட்டத்தையும் காலியாக விடாதவர். காய்ந்த மணலில் வண்டியை நிறுத்தி, செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, வெள்ளை அங்கியை முழங்கால்வரை தூக்கிப் பிடித்தபடி பட்டிவரை நடந்தார். பட்டியை நெருங்கும்போது அப்படித்தான் போகவேண்டும் என்று அவர்களுக்குப் பயிற்சி.

"கடல் நிலைமை?"

"கடலே இல்லையே."

"அப்படி ஒரு கட்டம் இல்ல. ஏத்தம், வத்தம், ரெண்டுதான்."

"அப்ப வத்தம்னு போட்டுக்கங்க."

"எவ்வளவு நேரமா வத்தம்?"

"பதினாலு மாசமா."

"மணிக்கணக்குல சொல்லுங்க."

ரெண்டு பேரும் மணலில் உட்கார்ந்து விரலால் கணக்குப் போட்டார்கள். பத்தாயிரத்து இருநூறு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே வந்தது. சுஹைல் அதை எழுதி, பக்கத்தில் 'நீடித்த வத்தம்' என்று குறித்துக்கொண்டார்.

"மீன்?"

"மீன் எங்கருந்து வரும்?"

"அதத்தான் நானும் கேக்கறேன். வடக்கிருந்தா, தெற்கிருந்தா?"

அன்றுதான் முதல் தடவையாக மீன் இல்லை என்று பதிவானது; கணக்கு அன்றிலிருந்து. இன்னும் ஐந்து மாதம் இப்படியே போனால் வீடு போகும். மர்ஸூக்கின் மனைவி கல்தம், ஊருக்கு உம்மு நாசிர், அழுகிற ரகம் அல்ல. மறுமாதம் ஆய்வு நாளன்று காலையிலேயே வண்டியை எடுத்துக்கொண்டு தலைநகர மீன் சந்தைக்குப் போனார். சுஹைல் வந்தபோது பட்டியின் கம்பிவலைக்குள், மணலில், இரண்டு கிலோ மீன் கிடந்தது.

சுஹைல் குனிந்து பார்த்தார். "உம்மு நாசிர், இது துண்டு போட்ட மீனா இருக்கே."

"ஆமா."

"தோலும் உரிச்சிருக்கு."

"எங்க பட்டி சுத்தமான பட்டி."

படிவத்தில் எடைக்குத்தான் கட்டம் இருந்தது, தோலுக்கு இல்லை. இரண்டு கிலோ என்று எழுதிவிட்டுப் போய்விட்டார். அதற்கடுத்த மாதம் கல்தம் முழு மீனாகவே வாங்கினார். மூன்று கிலோ. அடுத்து நாலு. அந்தக் கரையில் இருந்த மற்ற பட்டிகளும் மணலில்தான் நின்றன என்பதாலும், மற்றவர்களுக்குக் கல்தம் மாதிரி மனைவி வாய்க்காததால் அவர்கள் பட்டிகளில் ஆய்வு நாளன்று கால் கிலோதான் விழுந்தது என்பதாலும், ஆண்டு முடிவில் நாட்டிலேயே அதிக மீன் விழும் பட்டி மர்ஸூக்குடையது என்று புத்தகத்தில் ஏறியது. நான்தான் தட்டச்சு செய்தேன். பொருளாதாரப் பகுதியில் பாரம்பரிய மீன்பிடிப்பு நூறு சதவீதம் வளர்ந்திருந்தது.

மர்ஸூக் கடல் போன நாளிலிருந்தே சும்மா இருக்கவில்லை. வாரத்துக்கு ஒரு மனு, சில வாரம் இரண்டு. நகராட்சிக்கு, கடல் துறைக்கு, ஆலோசனைச் சபையின் நாற்பது உறுப்பினர்களுக்கும் பொதுவாக ஒன்று. சபையில் நாற்பது பேரும் நியமிக்கப்பட்டவர்கள். கேட்டால்தான் ஆலோசனை சொல்லவேண்டும் என்பது சட்டம். அவர்களை இதுவரை யாரும் கேட்டதில்லை.

அந்தச் சமயத்தில்தான் நிலத் துறையிலிருந்து ஒரு நோட்டீசு வந்தது. பட்டி நிற்கும் இடம் மூவாயிரத்து நூற்றுப் பதினேழாம் எண் மனை, மாளிகை கட்ட விற்றாயிற்று, கம்புகளை ஏழு நாளில் பிடுங்கவேண்டும் என்று. மர்ஸூக் சந்தோஷப்பட்டுவிட்டார். அரசே நிலம் என்று எழுதிக் கொடுத்துவிட்டதல்லவா! நோட்டீசைத் தூக்கிக்கொண்டு கடல் துறைக்கு ஓடினார். அவர்கள் வேறொரு நோட்டீசு கொடுத்தார்கள். கடலில் உரிமம் பெற்று நட்ட கம்பைப் பிடுங்கினால் குற்றம் என்று.

"ரெண்டு பேரும் ஒருத்தரோட ஒருத்தர் பேசக் கூடாதா?" என்று கேட்டார்.

இது எழுத்து மூலமான கோரிக்கையாக எடுத்துக்கொள்ளப்பட்டு, நிலம்-கடல் ஒருங்கிணைப்பு உயர்மட்டக் குழு அமைக்கப்பட்டது. கடலைப் பார்த்தபடி இருக்கும் ஒரு ஓட்டலில் ஏழு முறை கூடியது. ஏழாவது கூட்டத்தில் டாக்டர் முன்திர் தீர்ப்பைப் படித்தார். மர்ஸூக்கையும் கடைசி வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள்.

"சகோதரர்களே, நாம் சின்ன நாடு. ஒரே இடத்தை ஒரே காரியத்துக்குப் பயன்படுத்துகிற ஊதாரித்தனம் பெரிய நாடுகளுக்குத்தான் கட்டும். ஆகவே மேற்படி இடம் விற்பனைக்கு நிலம், புள்ளிவிவரத்துக்குக் கடல். இரண்டு துறைகளும் வெற்றி பெற்றிருக்கின்றன. தோற்றவர் யாரும் இல்லை."

எல்லாரும் கைதட்டினார்கள். பின்னால் திரும்பிப் பார்த்தேன். மர்ஸூக்கும் தட்டிக்கொண்டிருந்தார், பக்கத்தில் இருந்தவர் முழங்கையால் இடித்ததால்.

மாளிகை கட்டுகிறவர் வெளிநாட்டில் இருந்ததால் கம்புகள் தப்பின. ஆனால் நாட்டின் சிறந்த பட்டி என்ற பெயர் சும்மா இருக்குமா? கடலோர மரபுகளைப் பாதுகாக்கும் நாடுகளை வரிசைப்படுத்தும் ஒரு சர்வதேசக் குழு வந்தது. மூன்று பேர். அவர்கள் புத்தகத்தைப் படித்துவிட்டு மர்ஸூக்கின் பட்டியைத்தான் பார்க்கவேண்டும் என்று கேட்டார்கள்.

அமைச்சகத்தில் இரண்டு நாள் யாரும் உட்காரவில்லை. பட்டியைச் சுற்றி வரப்பு கட்டினார்கள். தண்ணீர் லாரிகள் வரிசையாக வந்தன. அறுபத்தெட்டு லோடு. எங்கள் நாட்டில் குடிக்கிற தண்ணீர் எல்லாமே கடலைச் சுத்திகரித்துக் கிடைப்பது. அந்தத் தண்ணீரைத் திரும்பக் கொண்டுவந்து கடல் செய்தோம். டாக்டர் முன்திர் ஒரு கை அள்ளி நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "உப்பு பத்தல" என்றார். சமையல் உப்பு மூட்டை மூட்டையாக வந்து இறங்கியது. சந்தையிலிருந்து உயிர்மீன் கொண்டுவந்து விட்டோம். குழுவின் கார் வருவதற்குப் பத்து நிமிடம் முன்பு மீன்கள் ஒவ்வொன்றாக மல்லாந்தன.

"எங்கள் மீன்கள் வெயில் நேரத்தில் ஓய்வெடுப்பவை" என்று டாக்டர் விருந்தாளிகளிடம் சொன்னார். அவர்கள் குறித்துக்கொண்டார்கள்.

மர்ஸூக்கைக் கஞ்சி போட்ட வெள்ளை அங்கியில் தண்ணீருக்குள் நிறுத்தியிருந்தார்கள். குழுவில் நரைத்த முடியைக் குட்டையாக வெட்டிய ஒரு அம்மாள் இருந்தார். அவர் வரப்பில் குந்தி உட்கார்ந்து, உண்மையான அக்கறையோடு கேட்டார்: உங்கள் தொழிலில் உங்களுக்குப் பெரிய கஷ்டம் எது? ஆங்கிலம் தெரிந்தவன் என்று என்னை மொழிபெயர்ப்புக்கு நிறுத்தியிருந்தார்கள். நான் கேட்டேன்.

மர்ஸூக் சுற்றிலும் பார்த்தார். லாரிகள் போன தடத்தைப் பார்த்தார். "கடல் இல்ல. அதான் கஷ்டம். இவங்ககிட்ட சொல்லு. இது கடல் இல்ல, குழாத்தண்ணி. எனக்குக் கடல் வேணும்."

டாக்டர் முன்திர் என் பக்கத்தில்தான் நின்றார். அவருக்கு ஆங்கிலம் என்னைவிட நன்றாகத் தெரியும். என் தோளில் கையை மட்டும் வைத்தார். எனக்கு மூன்று பிள்ளைகள். நான் மொழிபெயர்த்தேன்: "கடல் இல்லாமல் தன்னால் வாழ முடியாது என்கிறார்."

சொன்னதிலிருந்து அதிகம் விலகவில்லை என்று பல நாள் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்த அம்மாளின் கண் நிறைந்துவிட்டது. மர்ஸூக்கின் கையைப் பிடித்துக்கொண்டார். மர்ஸூக் என்னிடம் கேட்டார், "நீ என்ன சொன்ன?"

"நீங்க சொன்னதத்தான்."

"அப்ப இந்தம்மா ஏன் அழுவுது? கோவம்ல வரணும்?"

நான் விருந்தாளிகளைக் கார் பக்கம் அழைத்துப் போனேன். அவர் அதற்குப் பிறகு ரொம்ப நாள் என்னோடு பேசவில்லை. எங்கள் நாட்டுக்கு வரிசையில் இரண்டாம் இடம் கிடைத்தது. டாக்டர் முன்திருக்குப் பதக்கம். மர்ஸூக்குக்கு அமைச்சகத்தின் முத்திரை போட்ட ஒரு சுவர்க்கடிகாரம்.

கடிகாரம் வந்த மறுநாள் காலை, தொழுகை முடிந்ததும் மர்ஸூக்கும் கல்தமும் மணலுக்குப் போனார்கள். கம்புகளைப் பிடுங்க ஆரம்பித்தார்கள். பக்கத்துவீட்டுக் கிழவர் ஒருவர் ஓடிவந்து, "அபூ நாசிர், குத்தம்னு நோட்டீசு குடுத்திருக்கான்ல!" என்றாராம். கல்தம் திரும்பிக்கூடப் பார்க்காமல், "பிடுங்கச் சொல்லியும் ஒண்ணு குடுத்திருக்கான். நாங்க அதத்தான் படிச்சோம்" என்றாராம். கம்பையும் வலையையும் வண்டியில் ஏற்றி, கட்டிக்கொண்டிருந்த அடுக்குமாடிக் கோபுரங்களுக்குப் பின்னால், நாலு கிலோமீட்டர் தெற்கே கொண்டுபோனார்கள். அங்கே கடல் இருந்தது. யாரையும் கேட்காமல் ஏறிக்கொண்டும் வற்றிக்கொண்டும் இருந்தது. முழங்கால் தண்ணீர். அம்புமுனை வடிவில் கம்புகளை நட்டார்கள். இரண்டு நாள் ஆயிற்று.

மூன்றாம் நாள் வத்தத்தில் போய்ப் பார்த்தால் பட்டிக்குள் ஓரா மீன் துள்ளியது. நடுவில் ஒரு பெரிய கலவா, வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு. மர்ஸூக் அதைக் கையில் எடுத்துவிட்டு அப்படியே நின்றாராம். "என்ன ஆச்சு?" என்று கல்தம் கேட்டதற்கு, "கனமா இருக்கு" என்று மட்டும் சொன்னார். பிறகு கரைக்கு வந்து, கையை ரொம்ப நேரம் மோந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

நாலாம் நாள் கடலோரக் காவல் படகு வந்தது. அதிலிருந்த சார்ஜென்ட் கனத்த மீசைக்காரர். படகு தரை தட்டாமல் தூரத்திலேயே நிறுத்தி, கையிலிருந்த வரைபடத்தைப் பார்த்தார், மர்ஸூக்கைப் பார்த்தார், மறுபடி வரைபடத்தைப் பார்த்தார்.

"ஹாஜி! நீங்க நிக்கிற இடம் ஒன்பது பாகம்!"

"முழங்காலுக்குத்தான் இருக்கு!"

"இங்க ஒன்பதுன்னு போட்டிருக்கு!"

"இறங்கி வந்து பாரேன்ப்பா!"

"ஒன்பது பாகத்துல எப்படி இறங்கறது? எனக்கு நீச்சல் அவ்வளவா வராது!"

சார்ஜென்ட் வயர்லெஸ்ஸை எடுத்தார். தலைமையகத்தோடு அவர் பேசியதைக் கல்தம் கரையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு எங்கள் வீட்டில் வந்து என் மனைவியிடம் அப்படியே பேசிக் காட்டினார்.

"ஒன்பது பாகத்துல ஒரு ஆள் இருக்கார் சார்."

"மிதக்கறாரா?"

"இல்ல சார். நிக்கறார்."

பிறகு பதில் வந்தது: "ஒன்பது பாகத்துல நிக்கிறவன் எங்க நிப்பான்? அடியிலதான் நிப்பான். மூழ்கிட்டார்னு எழுதிக்க. உரிம எண் கேட்டு வாங்கிக்க."

"ஹாஜி, உரிம எண் என்ன?"

மர்ஸூக் சொன்னார். சார்ஜென்ட் எழுதிக்கொண்டு, தொப்பியைக் கழற்றி நெஞ்சில் ஒரு நிமிடம் வைத்திருந்துவிட்டுப் படகைத் திருப்பினார்.

மூன்று நாளில் கல்தத்துக்குக் கடிதம் வந்தது. கணவர் கடலில் பணியின்போது மூழ்கி இறந்தார். அமைச்சகம் துயரத்தில் பங்குகொள்கிறது. விதிப்படி உரிமமும் வீடும் விதவையின் ஆயுள்வரை அவர் பெயரிலேயே இருக்கும். துக்கத்தை மதித்து இனி ஆய்வுகள் கிடையா.

மர்ஸூக் கொதித்துப்போனார். "என்னய உயிரோட புதைக்கிறானுங்க! இப்பவே போறேன் அமைச்சகத்துக்கு. மேசையில ஏறி நிக்கிறேன். தொட்டுப் பாக்கட்டும்!"

"உக்காருங்க" என்றார் கல்தம். "உயிரோட இருந்தப்ப எத்தன மனு குடுத்தீங்க?"

"நூத்திப் பத்து."

"ஒண்ணுக்காவது பதில் வந்துச்சா?"

"இல்ல."

"செத்து மூணு நாள்ல வீட்டுக்கே லெட்டர் வந்திருக்கு. வீடும் நம்மளது. ஆய்வும் இல்ல. மேசையில ஏறி இதக் கெடுக்கப் போறீங்களா?"

அவர் கடிதத்தை வாங்கி இன்னொரு முறை படித்தார். "நாசிருக்குச் சொல்லணுமே, பயந்துருவான்" என்றார். அப்புறம் சட்டென்று சிரித்துவிட்டார். கல்தம் சிரிக்கவில்லை. உள்ளே போய் அவருடைய அங்கிகளைத் துவைத்துக் காயப்போட்டதாகவும், அப்போது மட்டும் கொஞ்சம் அழுததாகவும் என் மனைவி சொன்னாள். ஆளைப் பக்கத்திலே வைத்துக்கொண்டு அந்தக் கடிதத்தைப் பெட்டியில் பத்திரப்படுத்துவது எந்த மனைவிக்கும் லேசில்லை.

எனக்கு வேறொரு தலைவலி. மீனவர் ஒருவர் இறந்தால் மக்கள் பகுதியில் குடிமக்கள் எண்ணிக்கை ஒன்று இறங்கவேண்டும். விதி இறங்க விடாது. கோப்பை எடுத்துக்கொண்டு டாக்டர் முன்திரிடம் போனேன். அவர் யோசிக்கவே இல்லை.

"நிலப் பகுதியில அவர் இறந்துட்டார். மக்கள் பகுதியில இருக்கட்டும். ரெண்டும் வேற வேற பிரிவு."

கடிதம் வந்துவிட்டதால் மர்ஸூக் வீட்டில் மூன்று நாள் துக்கம் வைத்தார்கள்; இரண்டாம் நாள் மாலை டாக்டர் முன்திரே வந்தார். பின்னால் சுஹைல், ஒரு புகைப்படக்காரர். ஆண்கள் உட்காரும் முன்கூடத்தில் சுவரோரமாக மெத்தைகள், நடுவில் பேரீச்சம்பழம். உம்மு நக்லா ஆண்கள் எல்லாரும் இருந்தோம். கஹ்வாக் குடுவையைக் கையில் வைத்துக்கொண்டு, வருகிறவர்களுக்கு ஊற்றிக்கொண்டிருந்தவர் மர்ஸூக். வீட்டு ஆண்பிள்ளை செய்யவேண்டிய வேலை அது, நாசிர் வெளிநாட்டில்.

டாக்டர் யார் முகத்தையும் பார்க்காமல் நடு மெத்தையில் உட்கார்ந்து, தொண்டையைச் செருமினார்.

"மறைந்தவர் ஒரு முன்மாதிரி. தொழில் எவ்வளவு கடினமாக இருந்தபோதும் ஒரு முறைகூட முறையிட்டதில்லை. ஒரு மனுகூடக் கொடுத்ததில்லை. அமைச்சகத்தின்மேல் அவருக்கிருந்த நம்பிக்கை அப்படி. இப்படிப்பட்ட குடிமக்கள் இருக்கும்வரை எங்களுக்கு எந்த வேலையும் இருக்காது. இன்னும் பலர் அவர் வழியில் போகவேண்டும் என்று பிரார்த்திக்கிறேன்."

"ஆமீன்" என்றோம்.

மர்ஸூக் அவர் முன் குனிந்து சின்னக் கிண்ணத்தில் ஊற்றினார். டாக்டர் குடித்தார். மறுபடி ஊற்றினார். குடித்தார். மூன்றாவதுக்குப் பிறகு போதும் என்பதற்குக் கிண்ணத்தை இப்படியும் அப்படியும் ஆட்டினார். மர்ஸூக் நிறுத்தவில்லை. கிண்ணம் நிறைந்து, விரலில் வழிந்து, வெள்ளை அங்கியில் சொட்டியது. அப்போதுதான் டாக்டர் நிமிர்ந்து பார்த்தார்.

உள் அறையில் பெண்களின் பேச்சு நின்றது.

டாக்டர் முன்திரின் முகத்தில் எதுவும் மாறவில்லை. இருபது ஆண்டு அனுபவம். கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, சுஹைலிடமிருந்து ஒரு தாளை வாங்கினார்.

"மரணச் சான்றுக்கு இன்னொரு சாட்சி வேணும். மறைந்தவரைச் சின்ன வயசிலருந்து நல்லாத் தெரிஞ்சவரா இருக்கணும். உங்களுக்குத் தெரியுமா?"

"ஓரளவு தெரியும்" என்றார் மர்ஸூக்.

"எப்படிப்பட்டவர்?"

மர்ஸூக் குடுவையைக் கீழே வைத்தார். "கொஞ்சம் முட்டாள் டாக்டர். போய்ச் சொன்னா கேப்பாங்கன்னு நெனச்சுட்டு இருந்தான்."

"அல்லாஹ் அவருக்கு ரஹ்மத் செய்யட்டும். இங்க கையெழுத்துப் போடுங்க."

அவர் தன் பெயரையே எழுதினார். டாக்டர் அதைப் படித்து, ஊதிக் காயவைத்து, மடித்து வைத்துக்கொண்டார். புகைப்படக்காரர் இரண்டு பேரையும் சேர்த்து ஒரு படம் எடுத்தார்.

விருந்தாளிகள் போனபின் குடியிருப்பு மீனவர்கள் நாலைந்து பேர் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுடைய பட்டிகளும் மணலில்தான் நின்றன. கடைசியில் ஒருவர் மெதுவாக ஆரம்பித்தார்.

"அபூ நாசிர், தப்பா நெனைக்காதீங்க. எந்தப் பக்கமாப் போய்ச் செத்தீங்க?"

மர்ஸூக் என்னைப் பார்த்தார். அந்தக் குழு வந்துபோன நாளுக்குப் பிறகு அவர் என்னை நேராகப் பார்த்தது அன்றுதான். "இவன் ஆபீசுல வரைபடம் இருக்கு. எங்க எங்க ஒன்பது பாகம்னு இவனுக்குத் தெரியும்" என்றார்.

மறுநாள் நான் ஒரு பிரதி எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தேன். பதினோரு ஆண்டில் நான் செய்த ஒரே உருப்படியான அரசுப் பணி அது.

குளிர்காலம் முடிவதற்குள் உம்மு நக்லாவில் பதினான்கு பேர் மூழ்கிவிட்டார்கள். புதுக் கரையில் காலை வத்தத்தில் போய்ப் பார்த்தால், வரிசையாகப் பதினான்கு பட்டி. முழங்கால் தண்ணீரில் அங்கியை இடுப்பில் செருகிக்கொண்டு பதினான்கு பேரும் மீன் அள்ளிக்கொண்டிருப்பார்கள். ஒருவனை ஒருவன் திட்டுவான், இன்னொருவன் பாடுவான். தினமும் அந்த நேரத்துக்குக் கடலோரக் காவல் படகு அந்தப் பக்கமாக வரும். ஒரே இடத்தில் இத்தனை பேர் உயிரிழந்த கடற்பகுதி அது, மரியாதை செலுத்திக் கடக்கவேண்டும் என்று மேலிடத்து உத்தரவு இருக்கிறது. எஞ்சின் வேகத்தைக் குறைத்து, அலை எழும்பாமல் மெதுவாகக் கடப்பார்கள். மீசைக்கார சார்ஜென்ட் முன்னால் வந்து விறைப்பாக நின்று சல்யூட் அடிப்பார்.

மர்ஸூக் பதிலுக்குக் கை உயர்த்துவதில்லை. அவருடைய இரண்டு கையிலும் மீன் இருக்கும்.